கடைசியாக அடித்தது ஏறவில்லை

போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் ஒரு மொத்த வியாபாரக் கடை. 2002-இல் அந்தக் கடைக்கு பில் போடும் புரோகிராம் ஒன்றை விஷுவல் ஃபாக்ஸ்புரோவில் எழுதிக் கொடுத்திருந்தேன். அரிசி, பருப்பு, சிமென்ட், தகரம் எல்லாம் சென்னையிலிருந்து கப்பலில் வந்து இறங்கும். இங்கே பிரித்து அடுக்கி, வேறு கப்பலில் தெற்கே கமோர்ட்டாவுக்கும் காம்ப்பெல் பேக்கும் ஏற்றிவிடுவார்கள். ஒரு நாள் மதியம் பில் போடும் அக்கா போன் செய்தார்.

"தம்பி, எல்லாம் சரியா ஏறுது. கடைசியா அடிச்சது மட்டும் ஏறமாட்டேங்குது."

எந்த புரோகிராமரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "சேவ் பண்ணாம விட்டிருப்பீங்கக்கா."

"பண்ணுனேன்ப்பா. மேல் வரிசையில இருக்கிற ஃப்ளாப்பிப் படத்தைத்தான் அமுக்குனேன். கீழ இருக்கிற பட்டன அமுக்குனா ஏறுது, மேல அமுக்குனா ஏறல."

நான் நம்பவில்லை. மேல் வரிசை பட்டனும் கீழ் பட்டனும் ஒரே வேலையைத்தான் செய்தன. இரண்டுக்கும் எழுதிய வரிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். என் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தேன். ஏறியது. பத்து முறை பார்த்தேன், பத்து முறையும் ஏறியது. ஐம்பது மூட்டை சிமென்ட்டுக்கு ஒரு மூட்டை என்று பில் போய், கப்பல் தெற்கே சேர்ந்து, வாங்கியவரே நல்ல மனதோடு திருப்பிச் சொன்ன பிறகுதான் கடைக்குப் போய் அக்காவின் பின்னால் நின்று பார்த்தேன். அவர் 50 என்று அடித்தார். என்டர் அழுத்தவில்லை, டேப் அழுத்தவில்லை. கர்சர் அந்தப் பெட்டிக்குள்ளேயே துடித்துக்கொண்டிருக்கும்போது மவுஸை நேராக மேல் வரிசைக்குக் கொண்டுபோய் அமுக்கினார். பெட்டியில் 50 தெரிந்தது. டேபிளில் நான் முன்னிருப்பாக வைத்திருந்த 1 அப்படியே கிடந்தது. என் விரலோ பழக்கத்தால் எதை அடித்தாலும் முடிவில் என்டரைத் தட்டிவிடும். அதனால்தான் பிழை என் கண்ணில் படவே இல்லை.

அந்த "மேல், கீழ்" வேறுபாடுதான் இந்தக் கட்டுரையின் பொருள். டெஸ்க்டாப் டேட்டாபேஸ் புரோகிராம்களில் டூல்பாரில் இருக்கும் பட்டனும் ஃபார்மில் இருக்கும் பட்டனும் பார்க்க ஒன்றாக இருந்தாலும் நடத்தையில் வேறு சாதி. ஃபாக்ஸ்புரோ, ஆக்சஸ், விஷுவல் பேசிக், டெல்ஃபி, டாட் நெட் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்த வேறுபாடு எதிரே வந்து நிற்கிறது. ஒவ்வொன்றும் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. சில பதில்கள் நல்லவை. சில, புரோகிராமரின் தலையில் கட்டிய மூட்டை.

தீவிலிருந்து இதை எழுதுவதற்கும் காரணம் உண்டு. சென்னையையும் அந்தமான் நிக்கோபாரையும் இணைக்கும் கடலடிக் கேபிள், ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர், 2020 ஆகஸ்ட் 10 அன்றுதான் திறக்கப்பட்டது. அதற்கு முன் எங்களுக்கு வாய்த்தது சாட்டிலைட் இணைப்பு; வேகம் குறைவு, மழைக்காலத்தில் அதுவும் நிச்சயமில்லை. கணக்கு என்றால் மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கணக்கு என்றே அர்த்தம். இன்னொன்று மின்சாரம். தீவின் மின்சாரத்தில் பெரும்பங்கு டீசல் ஜெனரேட்டரில் வருவது. எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில் பில் போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும்: ஒரு வரி அடித்தால் ஒரு முறை ஃப்ளாப்பிப் படத்தை அமுக்குவது. அடித்து முடிக்கும் முன்பே அமுக்குவது. கரன்ட் போகாத ஊரில் இந்தப் பிழை வருடத்துக்கு இரண்டு முறை தலைகாட்டும். எங்களூரில் தினமும் காட்டியது.

பிரச்சினையின் வேர் மவுஸுக்கு முந்தியது. டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோவிலும் கிளிப்பரிலும் திரையில் பெட்டி வைப்பதற்கு "கெட்", அதில் அடிப்பதை வாங்குவதற்கு "ரீட்" என்று இரண்டு கட்டளைகள். பயனர் ஒரு பெட்டியை விட்டு அடுத்ததற்குப் போகும்போதுதான் அடித்தது மாறிக்குள் இறங்கும். அதுவரை அது ஒரு தற்காலிக இடத்தில் நிற்கும். போக வழி பெரும்பாலும் கீபோர்டுதான். எனவே எல்லோரும் வாசல் வழியாகவே போனார்கள், வாசலில் கணக்கு எழுதப்பட்டது, சிக்கல் இல்லை. கண்ட்ரோலும் டபிள்யூவும் சேர்த்து அழுத்தினால் சேவ், எஸ்கேப் அழுத்தினால் வேண்டாம். நம்மூர் கம்ப்யூட்டர் சென்டர்களில் தொண்ணூறுகளில் படித்த தலைமுறைக்கு இது விரலில் ஊறியது.

ஆனால் அப்போதே ஒரு ஓட்டை இருந்தது. பெட்டிக்குள் இருக்கும்போதே எஃப்1 அழுத்தினால் சரக்குப் பட்டியல் வரவேண்டும் என்று எழுதுவோம். அந்தப் பட்டியலை வரவழைக்கும் புரொசீஜருக்குள் நின்று மாறியைப் பார்த்தால் பழைய மதிப்புதான் இருக்கும். திரையில் தெரிவது இருக்காது. 1990-இல் வந்த கிளிப்பர் 5, கெட் என்பதை ஒரு ஆப்ஜெக்டாக மாற்றி, அடித்துக்கொண்டிருப்பதை "பஃபர்" என்ற பெயரில் தனியாகக் காட்டியது. "அசைன்" என்று சொன்னால் அதை மாறிக்குள் இறக்கிவிடும். டூல்பார் பரவுவதற்கு முன்பே டூல்பார் நோய்க்கு மருந்து. அதை நாங்கள் யாரும் அப்படிப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

விண்டோஸ் வந்தது. 1990-இல் வெளியான எக்செல் 3.0-இல் டூல்பார் வந்தது. வேர்டிலும் அதுபோன்ற பட்டை. இங்கேதான் டூல்பாரின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கடிதத்தில் நான்கு சொற்களைத் தேர்ந்தெடுத்து, தடித்த எழுத்து பட்டனை அமுக்குகிறோம். அந்த அமுக்கலில் ஃபோகஸ், அதாவது கீபோர்டின் கவனம், பட்டனுக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? எந்த நான்கு சொற்கள் என்ற விவரம் தொலையும். பட்டன் வேலை செய்த பிறகு பயனர் மறுபடி வந்து கர்சரை வைக்க வேண்டும். வெட்டு, ஒட்டு, நகல் எல்லாம் இப்படியே. ஆக, டூல்பார் ஃபோகஸை வாங்கக் கூடாது என்பது குறை அல்ல, அதன் பிறவிக் குணம். உள்ளே உட்கார்ந்து வேலை பார்ப்பவரிடம் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு ஒன்றைக் கேட்பது போல. அவர் எழுந்து வரமாட்டார்; எழுந்தால் வேலை கலைந்துவிடும்.

ஃபார்ம் அப்படி அல்ல. அது ஒரு படிவம். ஒவ்வொரு பெட்டிக்கும் வாசல் உண்டு, வாசலில் காவல் உண்டு. வெளியேறும்போதுதான் காவல்காரர் சோதிப்பார்: தேதி தேதிதானா, அளவு இருப்பை மீறியதா. சோதித்த பிறகே மதிப்பு டேபிளுக்குப் போகும். ஃபார்மிலேயே இருக்கும் பட்டனை அமுக்கினால் ஃபோகஸ் பட்டனுக்குப் போகிறது. எனவே பழைய பெட்டியை விட்டு வெளியேறியாக வேண்டும். காவல் வேலை செய்கிறது. டூல்பார் பட்டனை அமுக்கினால் யாரும் வெளியேறவில்லை. காவல்காரர் தூங்கவில்லை, அவரைக் கடந்து யாரும் போகவே இல்லை.

கடிதம் எழுதும் மென்பொருளுக்குப் பொருத்தமான ஒரு பழக்கத்தையும், படிவம் நிரப்பும் மென்பொருளுக்குப் பொருத்தமான இன்னொரு பழக்கத்தையும் ஒரே ஜன்னலுக்குள் கட்டிவைத்தார்கள். கட்டியவர்கள் முடிச்சைச் சரியாகப் போடவில்லை.

இதை முழுதாகப் பார்க்க விஷுவல் ஃபாக்ஸ்புரோவை விடச் சிறந்த இடம் இல்லை. ஃபாக்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 1992-இல் வாங்கியது. 1995-இல் விஷுவல் ஃபாக்ஸ்புரோ 3.0 வந்தது. அதில் ஃபார்ம் ஒரு அடிப்படை வகுப்பு, டூல்பார் வேறொரு அடிப்படை வகுப்பு. இரண்டுக்கும் உறவு உண்டு, ஆனால் உடன்பிறப்பு என்று சொல்ல முடியாது. ஃபார்மை ஃபார்ம் டிசைனரில் வரையலாம். டூல்பாரை அங்கே வரைய முடியாது. முதலில் வகுப்பாக எழுத வேண்டும். எழுதிய டூல்பாரை ஒரு ஃபார்மின்மேல் இழுத்துப் போட்டால், ஃபார்ம்செட் ஒன்றை உருவாக்கட்டுமா என்று கேட்கும். தனி ஃபார்முக்குள் டூல்பார் குடியிருக்காது. ஃபார்மில் பட்டனை நினைத்த இடத்தில் வைக்கலாம். டூல்பாரில் அது நடக்காது. போட்ட வரிசையில் தானே நெருக்கி அடுக்கிக்கொள்ளும், இடைவெளி வேண்டுமென்றால் "செபரேட்டர்" என்று ஒன்றை நடுவில் செருக வேண்டும். திரையின் நான்கு விளிம்புகளில் எதிலும் ஒட்டும், பிய்த்தால் மிதக்கும். ஒட்டும்போது ஃபார்ம்களுக்கான இடம் அந்த அளவு சுருங்கும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள். யாரையும் கெடுப்பதில்லை.

கெடுப்பவை கண்ணுக்குத் தெரியாதவை. முதலாவது, மேலே சொன்ன ஃபோகஸ். பெட்டிக்கும் டேபிளின் ஃபீல்டுக்கும் இடையே "கன்ட்ரோல்சோர்ஸ்" என்று ஒரு இணைப்பு. வெளியேறும்போதுதான் அதன் வழியே மதிப்பு இறங்கும். சேவ் பட்டனுக்குள் நாம் எழுதுவது "டேபிள்அப்டேட்". அது, பெட்டியிலிருந்து இறங்கிய மதிப்புகள் காத்திருக்கும் டேபிள் பஃபரில் இருப்பதை டேபிளுக்கு எழுதும். பெட்டியில் இருப்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இன்னும் விநோதம்: எந்த ஃபீல்டு மாறியிருக்கிறது என்று கேட்க "கெட்ஃபீல்டுஸ்டேட்" என்ற ஃபங்ஷன் உண்டு. ஏதாவது மாறியிருந்தால்தான் சேவ் பட்டனை விழிக்க வைப்பது என்று நல்ல புரோகிராமர்கள் எழுதுவார்கள். பயனர் ஒரே ஒரு பெட்டியை மட்டும் மாற்றியிருந்தால், அதை விட்டு இன்னும் வெளியேறாததால், எதுவும் மாறவில்லை என்று அது சத்தியம் செய்யும். பட்டன் மங்கியே கிடக்கும். கவனமாக எழுதியவனுக்குத்தான் இந்தத் தண்டனை.

சேவ் பட்டனாவது பரவாயில்லை. "அடுத்தது" பட்டன் மோசம். ஒரு பெயரைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே டூல்பாரின் அடுத்தது பட்டனை அமுக்கினால், ரெக்கார்டு பாயிண்டர் அடுத்த ரெக்கார்டுக்கு நகரும். உடனே ஃபார்மைப் புதுப்பித்தால் திருத்திய பெயர் அழிந்து அடுத்தவர் பெயர் வந்து நிற்கும். அழிந்ததோடு போயிற்று. புதுப்பிக்காமல் விட்டால்? திரையில் பழைய பெட்டி, அடியில் புதிய ரெக்கார்டு. பயனர் டேப் அழுத்தி வெளியேறும் கணத்தில், ஒருவருக்காக அடித்த பெயர் அடுத்தவரின் ரெக்கார்டில் போய் உட்காரும். கப்பல் பயணிகள் பட்டியலில் இப்படி நடப்பதாகக் கற்பனை செய்து பாருங்கள். நம்மவர்களின் பெயரில் ஏற்கெனவே எது இனிஷியல், எது அப்பா பெயர் என்று படிவங்களோடு ஒரு தகராறு உண்டு. அதற்குமேல் இது வேறா.

இதற்கு ஃபாக்ஸ்புரோ உலகில் வாய்மொழியாகப் பரவிய மருந்து ஒரு வரி. டூல்பார் பட்டனின் முதல் வேலையாக, இப்போது இயங்கும் ஃபார்மில் எந்தப் பெட்டி இருக்கிறதோ அதற்கே "செட்ஃபோகஸ்" கொடுப்பது. உட்கார்ந்திருப்பவரை எழுப்பி, அதே நாற்காலியில் மறுபடி உட்காரச் சொல்வது. எழுந்ததால் வெளியேறும் சோதனை நடக்கும், மதிப்பு இறங்கும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், வேலை செய்யும். ஆனால் இரண்டு இடத்தில் காலை வாரும். வெளியேறும் சோதனை, "இந்த அளவு செல்லாது" என்று மறுத்தால் ஃபோகஸ் நகராது, சரி. நம் பட்டனின் அடுத்த வரியோ நிற்காது. அது பாட்டுக்கு சேவ் செய்யப் போகும். மறுப்பு வந்ததா என்று நாமே தனியாகக் கேட்டு நிறுத்த வேண்டும். இரண்டாவது, கிரிட். பில்லின் வரிகள் கிரிட்டுக்குள் இருந்தால், இயங்கும் கன்ட்ரோல் எது என்ற கேள்விக்கு கிரிட் என்றுதான் பதில் வரும். கிரிட்டுக்குள் எந்த நெடுவரிசை, அதற்குள் எந்தப் பெட்டி என்று இறங்கித் தேட வேண்டும். என் கடைக்காரர் பில்லில் எல்லாமே கிரிட்டுக்குள்தான் இருந்தது.

கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது வேறுபாடு டேட்டா செஷன். ஒவ்வொரு ஃபார்முக்கும் தனிச் செஷன் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் அது திறக்கும் டேபிள்கள் அதற்கே சொந்தம், வேறு ஃபார்ம் நகர்த்தும் ரெக்கார்டு இதைத் தொடாது. நல்ல ஏற்பாடு, எல்லோரும் பின்பற்றியது. புரோகிராம் தொடங்கும்போதே எழுப்பப்படும் டூல்பாரோ பொதுச் செஷனில் நிற்கும். அதன் பட்டனுக்குள் நேராக பில் டேபிளைத் தேர்ந்தெடு என்று எழுதினால், அப்படி ஒரு ஏலியாஸே இல்லை என்று பிழை வரும். டேபிள் கண்முன் திரையில் தெரிகிறது, பட்டன் அதைப் பார்த்ததில்லை என்கிறது. பக்கத்து வீட்டுக் கூடம் ஜன்னலில் தெரிந்தாலும் சாவி நம் கையில் இல்லாதது போல.

வேறு சில்லறைச் சங்கடங்களும் உண்டு. எத்தனை ஃபார்ம் திறந்திருக்கிறது என்று ஃபாக்ஸ்புரோவிடம் கேட்டால் டூல்பாரையும் சேர்த்து எண்ணிச் சொல்லும். ஃபார்ம்களை வரிசையாக மூடும் வளையம் எழுதுபவர் டூல்பாரையும் மூடிவிட்டு விழிப்பார். எல்லா ஃபார்மும் மூடியிருக்கும்போது டூல்பாரை அமுக்கினால் இயங்கும் ஃபார்ம் என்று ஒன்று இல்லாததால் பிழை. "டூ ஃபார்ம்" என்று எழுப்பிய ஃபார்ம் தானே உயிரோடு நிற்கும். லோக்கல் மாறியில் பிடித்த டூல்பார் அந்த புரொசீஜர் முடிந்ததும் ஒரு மின்னல் மின்னி மறையும். மூடும்வரை வேறெதையும் தொடவிடாத மோடல் ஃபார்ம் ஒன்று மேலே வந்துவிட்டால் டூல்பார் எட்டாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலைப்பொழுதை இழந்திருக்கிறேன்.

ஆக்சஸில் கதை தலைகீழ். 1992 நவம்பரில் முதல் பதிப்பு வந்த ஆக்சஸ், சேவ் என்ற எண்ணத்தையே பயனரிடமிருந்து பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. வேறு ரெக்கார்டுக்குப் போனாலே, ஃபார்மை மூடினாலே எழுதிவிடும். அதனால் அக்காவின் புகார் அங்கே அதே வடிவில் எழாது. வேறு வடிவில் எழும். ஆக்சஸில் பெட்டிக்கு இரண்டு முகம்: "டெக்ஸ்ட்" என்பது இப்போது திரையில் அடித்திருப்பது, "வேல்யூ" என்பது கடைசியாக ஏற்கப்பட்டது. ஃபோகஸ் இருக்கும்போது மட்டுமே டெக்ஸ்டைக் கேட்கலாம், இல்லாதபோது கேட்டால் 2185 என்ற எண்ணில் பிழை வரும். டூல்பாரிலிருந்து ஓடும் ஃபங்ஷன் வேல்யூவைப் படித்தால் பழையதைப் படிக்கும். பயனர் 50 அடித்துவிட்டு, டூல்பாரில் மொத்தம் காட்டு என்று கேட்டால் 1-க்கான மொத்தம் வரும்.

அதோடு ஆக்சஸ் ஒரு அழகான சாட்சியையும் வைத்திருக்கிறது. "பயனர் இருந்த பெட்டியில் இன்றைய தேதியைப் போடு" என்று ஒரு பட்டன் வேண்டும். டூல்பாரில் வைத்தால், திரையின் இயங்கும் கன்ட்ரோலைக் கேட்டால் போதும், ஃபோகஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதே பட்டனை ஃபார்மில் வைத்தால் இயங்கும் கன்ட்ரோல் என்று பட்டன் தன்னையே காட்டும். முந்தைய கன்ட்ரோல் எது என்று வேறொரு கேள்வி கேட்க வேண்டும். இரண்டு கேள்விக்கும் தனித்தனி வழி வைத்தவர்களுக்கு வேறுபாடு தெரிந்தே இருந்தது. சப்ஃபார்ம் இருந்தால் இன்னும் ஒரு படி: பிரதான ஃபார்மின் பட்டனை அமுக்கினால் சப்ஃபார்மை விட்டு வெளியேறுவதால் அதன் ரெக்கார்டு எழுதப்படும், டூல்பார் பட்டனுக்கு எழுதப்படாது. 2007-இல் டூல்பார் போய் ரிப்பன் வந்தது. உடுப்பு மாறியது, குணம் மாறவில்லை.

விஷுவல் பேசிக் 6, 1998-இல் வந்தபோது "வேலிடேட்" என்ற நிகழ்வையும், அது எப்போது நடக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு பட்டனிலும் சொல்லும் வசதியையும் கொண்டுவந்தது. கேன்சல் பட்டனை அமுக்கும்போது "தேதி தவறு" என்று வழிமறிக்காமலிருக்க அது உதவியது. ஆனால் டூல்பாருக்கு ஃபோகஸே போகாததால் இந்த ஏற்பாட்டின் உள்ளேயே அது வராது. "வேலிடேட்கன்ட்ரோல்ஸ்" என்று ஃபார்மை நாமே கூப்பிட வேண்டும். இதில் டூல்பாரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் நியாயமில்லை. ஃபார்மிலேயே டிஃபால்ட் என்று குறித்த பட்டன், என்டர் அழுத்தினால் ஃபோகஸ் நகராமலே இயங்கும், நோய் அதேதான். மெனுவும் அப்படித்தான், எஃப்10-க்குக் கட்டிய குறுக்குவழியும் அப்படித்தான். ஆக எல்லை, டூல்பாருக்கும் ஃபார்முக்கும் நடுவே அல்ல. ஃபோகஸை எடுத்துக்கொண்டு வேலை செய்பவற்றுக்கும் எடுக்காமல் வேலை செய்பவற்றுக்கும் நடுவே. டூல்பார் அந்த இரண்டாவது கூட்டத்தில் எல்லோரும் பார்க்கும்படி நிற்பதால் பழி அதன்மேல் விழுந்தது.

1995-இல் வந்த டெல்ஃபிதான் என் பார்வையில் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. அதன் ஸ்பீட்பட்டனும் டூல்பட்டனும் வெறும் படங்கள், விண்டோஸ் கணக்கில் அவற்றுக்குத் தனி ஜன்னல் இல்லை, ஃபோகஸ் வாங்க வழியே இல்லை. ஆனாலும் "போஸ்ட்" என்று டேட்டாசெட்டுக்குச் சொன்னால், அது எழுதுவதற்கு முன் தன்னோடு கட்டப்பட்ட எல்லாப் பெட்டிகளையும் பார்த்து, உங்களிடம் கையில் இருப்பதைக் கொடுங்கள் என்று ஒரு குரல் கொடுக்கும். அடித்துக்கொண்டிருக்கும் பெட்டியும் கொடுத்துவிடும். யாரும் எழுந்து உட்கார வேண்டியதில்லை. பட்டன் எங்கே இருந்தால் என்ன, மெனுவில் வந்தால் என்ன, சேவ் என்பது பட்டனின் வேலை இல்லை, டேட்டாவின் வேலை என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். வெளியேறும் நிகழ்வில் நாம் எழுதிவைத்த சோதனைகள் அப்போது ஓடாது என்பது மட்டும் குறை. அதையும் டேட்டாசெட் பக்கம் மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

பத்தாண்டு கழித்து வந்த டாட் நெட் 2.0, கதையை மறுபடி புரோகிராமரிடமே ஒப்படைத்தது. டேட்டா சோர்ஸை ஃபார்மில் இழுத்துப் போட்டால் வரும் டூல்ஸ்ட்ரிப்பின் சேவ் பட்டனுக்கு விஷுவல் ஸ்டுடியோ தானாக மூன்று வரி எழுதித் தரும்: முதலில் சோதி, பிறகு திருத்தத்தை முடி, பிறகு டேட்டாபேஸுக்கு அனுப்பு. அந்த முதல் வரியை எதற்கென்று தெரியாமல் நீக்கியவர்கள் உண்டு. நீக்கிய பிறகு, கடைசிப் பெட்டி ஏறவில்லை. அடுத்த ஆண்டு வந்த டபிள்யூ.பி.எஃப், ஃபோகஸை இரண்டாகப் பிரித்தது: கீபோர்டு எங்கே போகிறது என்பது ஒன்று, ஒவ்வொரு பகுதியும் தனக்குள் யாரை நினைவில் வைத்திருக்கிறது என்பது இன்னொன்று. டூல்பார் அங்கே தனிப் பகுதி. அதனால் டூல்பார் பட்டனை அமுக்கினாலும், பிரதான பகுதியின் நினைவில் பெட்டி இன்னும் ஃபோகஸை இழக்கவில்லை. பெட்டியின் இணைப்போ, முன்னிருப்பாக, ஃபோகஸை இழந்தால்தான் எழுதும். கொள்கையளவில் நேர்த்தியான கட்டுமானம். விளைவு, 2002-இல் அபர்டீன் பஜாரில் நடந்ததேதான்.

அதற்கு டபிள்யூ.பி.எஃப் உலகம் பெரும்பாலும் எடுத்த வழி, எழுத்துக்கு எழுத்து எழுதிவிடுவது. இணைப்பில் ஒரு சொல்லை மாற்றினால் ஒவ்வொரு விசைக்கும் மதிப்பு இறங்கும். எளிது, நானும் செய்திருக்கிறேன். ஆனால் 50 அடிக்கப் போகிறவர் முதலில் 5 அடிக்கிறார். புரோகிராம் ஐந்து மூட்டைக்கு இருப்பு இருக்கிறதா என்று ஓடிப் பார்க்கிறது. தேதிப் பெட்டியில் 3 என்று அடித்த கணமே, இது தேதி இல்லை என்று சிவப்புக் கோடு. வாய் திறந்ததுமே குறுக்கே பேசும் ஆள் மாதிரி.

வேறு சிலர், சேவ் பட்டனை ஃபார்மிலேயே வைத்துவிடு, டூல்பாரே வேண்டாம் என்கிறார்கள். சிறிய புரோகிராமுக்கு அது நல்ல யோசனை. முப்பது ஃபார்ம் உள்ள புரோகிராமில் முப்பது இடத்தில் சேவ், முப்பது இடத்தில் அடுத்தது, முந்தையது என்று வைத்தால் இரண்டு மாதத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணத்துக்குப் போய்விடும். இத்தகைய புரோகிராம்களில் டூல்பார் வைப்பதே அந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வேகமாகப் பில் போடுகிறவரின் வலக்கை எண் விசைகளை விட்டு நகராது. அவருக்கு டூல்பாரும் வேண்டாம், ஃபார்ம் பட்டனும் வேண்டாம். ஒரு விசை வேண்டும். விசைக்கும் இதே நோய் என்று மேலே பார்த்தோம். ஆக பட்டனை இடம் மாற்றுவது வைத்தியம் அல்ல.

நான் கடைசியில் எழுதியது இவ்வளவுதான். டூல்பார் பட்டனுக்குள் வேலை எதுவும் இல்லை. இயங்கும் ஃபார்ம் ஒன்று இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதனிடம் "சேமி" என்று சொல்வது மட்டும். சேமி என்பது ஒவ்வொரு ஃபார்முக்கும் தாய் வகுப்பிலிருந்து வரும் மெத்தட். அது தன் செஷனில், தன் டேபிளோடு, தன் பெட்டிகளோடு வேலை செய்யும். முதலில் கையில் இருப்பதை இறக்கும், கிரிட்டாக இருந்தால் உள்ளே இறங்கித் தேடும், சோதனை மறுத்தால் அங்கேயே நிற்கும், எல்லாம் தாண்டினால் எழுதும். கீழ் பட்டனும் அதையே கூப்பிடும், எஃப்10-உம் அதையே கூப்பிடும். மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் அக்காவிடம், "அடிச்சதும் டேப்பை ஒரு தட்டுத் தட்டிட்டு அப்புறம் மேல அமுக்குங்கக்கா" என்று சொல்லி வைத்திருந்தேன்.

விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கு இனிப் புதிய பதிப்பு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் 2007-இல் சொல்லிவிட்டது. 2015 ஜனவரியோடு ஆதரவும் முடிந்தது. அதன் பிறகும் என் புரோகிராம் அந்தக் கடையில் சில வருடம் ஓடியது. கேபிள் வந்தது, ஊரின் பெயரும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. கடையில் இப்போது பிரவுசரில் பில். அதில் மேல் வரிசையே இல்லை, ஒவ்வொரு பெட்டியும் தானே எழுதிக்கொள்கிறது. போன மாதம் போயிருந்தேன். அக்கா 50 என்று அடித்து, டேப்பை ஒரு தட்டுத் தட்டினார். பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: "இதுல அது தேவையே இல்லையேக்கா?"

"எனக்குத் தெரியும்" என்றார் அக்கா, அடுத்த வரிக்கும் தட்டிக்கொண்டே.